இழைக்கும் சத்தம்

"எவ்வளவு எடுத்த?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டான்.

கேட்டான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நாக்கு தடித்துப்போய், மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்து அவன் வெளியே விடும் அந்த ஒலியை வேறு யாராவது கேட்டிருந்தால் இருமுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு மட்டும் அது வார்த்தையாகக் கேட்டது.

"ஒரு முடியளவு" என்று பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள். "அவசரப்பட்டா மொத்தமும் போயிடும். பொறு."

கட்டையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இரும்புத் தகட்டை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தாள். வெங்காயச் சருகு போல ஒரு சீவல் சுருண்டு மடியில் விழுந்தது. காலை வெயில் பால்கனிக் கம்பிகளைத் தாண்டி அவள் பாதம் வரை வந்திருந்தது. கீழே தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார். அது கிளம்புவதாக இல்லை.

அவள் இழைத்துக்கொண்டிருந்தது அண்ணனின் கிட்டார் கழுத்தை அல்ல. உடைந்துபோன முக்காலி ஒன்றின் கால். தந்திகள் ஓடும் அந்த நீளக் கழுத்து பக்கத்திலேயே ஒரு துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அதன்மேல் தகடு பட்டுப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அண்ணனுக்கு அது தெரியாது.

அவன் ஹோட்டல்களிலும் விருந்து மண்டபங்களிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவன். விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து வாத்தியக் குழுவில் அவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்தார்கள். கூடவே டிரம்ஸ் அடிக்கும் நண்பனுக்கு இடி என்று தானாகவே ஒட்டிக்கொண்டது. "எங்க குழுவுல மின்னல் முன்னாடி போயிடும், இடி கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்று பாடகி மேடையிலேயே கிண்டலடிப்பாள். தாளம் தப்புகிற ஆளில்லை இடி. இருந்தாலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொள்வான்.

ஒருநாள் அண்ணனின் இடது கை ஒரு பிடியில் சறுக்கியது. மறுநாளும் அதே இடத்தில் சறுக்கியது. அவன் கையைப் பார்க்கவில்லை, கிட்டாரைப் பார்த்தான். "மரம் ஈரத்துல ஊதியிருக்கு. நெக் தடிச்சிடுச்சு" என்றான்.

முதலில் கழுத்தையே மாற்றிப் பார்த்தார்கள். யாரோ கீழே போட்டு உடம்பு பிளந்துபோன கிட்டார் ஒன்றின் கழுத்தை இடி எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். பழையதைவிட ஒல்லி. திருகாணிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டியதும் அண்ணன் மேலும் கீழும் ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்தான். "இதுக்குப் பேருதான் நெக். அது உலக்கை" என்றான்.

கொஞ்ச நாளில் இதுவும் உலக்கை ஆயிற்று.

அப்போதுதான் அவளிடம் வந்தான். அவள் பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை செய்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பொய்ப்பல் செய்து தரும் வேலை. "ஊர்ல உள்ள வாய்க்கெல்லாம் இழைச்சுக் குடுக்கிற. எனக்கு ஒரு கழுத்து இழைச்சுத் தரக் கூடாதா?" என்றான்.

அவன் அவளிடம் எதையும் கேட்கிறவன் இல்லை. கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு அவள் திரும்பி வந்த நாளில் கூடக் கேட்கவில்லை. தோளில் கிட்டார் தொங்கக் கதவைத் திறந்தவன், பையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், "உள்ள வா, கொசு வருது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். அதன்பிறகு எத்தனையோ வருடங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஏன் வந்தாய் என்று அவன் கேட்டதில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய பெரிய மரியாதை.

கழுத்து வேலையை அவள் முறையாகத்தான் செய்தாள். பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் மரத்தின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டாள். கோடுகள் மறையும் வரை இழைத்தால் எல்லா இடமும் ஒரே சீராகக் குறையும். பல்லின் தடிமன் பார்க்கும் சின்னக் கவையைக் கூடத்திலிருந்து எடுத்து வந்து, விரல்கடைக்கு விரல்கடை அளந்து பார்த்தாள். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொன்னான்.

"நடு முதுகுல கை வைக்காத. உள்ள கம்பி ஓடுது. ரெண்டு தோளையும் இறக்கு. கட்டைவிரல் வழுக்கிட்டுப் போகணும், எங்கயும் முட்டக் கூடாது."

தந்திகளின் இழுப்புக்குக் கழுத்து வளைந்துவிடாமல் தாங்குவது அந்த இரும்புக் கம்பிதான். அதை மூடிக்கொண்டு முதுகு நெடுகக் கறுப்பு மரத்தில் ஒரு பட்டை ஓடியது. அதைத் தாண்டக் கூடாது.

பார்க்க வந்த இடி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "இத்தனை வருஷமா இவன் எங்க கழுத்தை அறுத்தான். இப்ப நீ இவன் கழுத்தையே அறுக்கறியா பல்லம்மா?" என்றான். பல்லம்மா என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர்.

பூட்டிய அன்று சாயங்காலம் அண்ணன் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் வாசித்தான். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வந்தார், முகத்தில் எழுதியிருந்தது. வாசலில் நின்று ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு, "சத்தம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், "சரி, வாசிங்க" என்று இறங்கிப் போனார். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்றபடி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முகம் தெரியாத வாய்களுக்கு உழைத்த கை, முதல்முறையாக, தான் செய்த ஒன்று பேசுவதைக் கேட்டது.

அடுத்த மாதமே அவன் "இன்னும் கொஞ்சம்" என்றான். எடுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். கழுத்து மெலிய மெலியக் கையும் மெலிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகிற நோய் என்றார் டாக்டர். கையில் ஆரம்பித்துக் காலுக்கும் நாக்குக்கும் போய்க் கடைசியில் மூச்சில் வந்து நிற்கும் என்பதை இருவரையும் உட்கார வைத்தே சொன்னார். வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கும்போது அண்ணன் சொன்னான், "நெக்கை இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்."

எடுத்தாள். ஒருநாள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபோது மரத்தின் ஒலி மாறியிருந்தது. கறுப்புப் பட்டை காகிதமாகிவிட்டது. இன்னொரு இழுப்பு இழுத்தால் கம்பி வெளியே தெரியும். தகட்டைக் கீழே வைத்துவிட்டுப் பால்கனியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இனி எடுக்க மரம் இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால், தடிமன் மரத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும்.

மூலையில் முக்காலியின் கால் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சற்று நேரம் இழைப்பாள். பிறகு கிட்டார் கழுத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவன் இடது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்து வைப்பாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். "ஆமா, வித்தியாசம் தெரியுது" என்பான். "நல்லா இருக்கு. நாளைக்கு இன்னும் கொஞ்சம்."

அவன் படுத்த படுக்கையான பிறகு அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். வீடே உலகம் என்று ஆயிற்று. நர்ஸ் தினமும் வந்து போவாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் இடி வந்து, அவள் கடைக்குப் போய்த் திரும்பும் வரை பக்கத்தில் இருப்பான். மற்றபடி ஒரு அறையில் மூச்சு, ஒரு பால்கனியில் இழைக்கும் சத்தம். இழைப்பதை நிறுத்தினால் போதும், தண்ணீர் குடிக்க நிறுத்தினால் கூட, உள்ளேயிருந்து "ம்?" என்று வரும். "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வாள்.

இன்றைக்குத் தூள் ஏறி மூக்கு அரித்தது. நிறுத்தினாள். தும்மல் வருவது போல வந்து வராமல் போயிற்று.

"ம்?" வரவில்லை.

கீழே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. தெருமுனை திரும்பும் வரை அதன் சத்தம் கேட்டது. அவள் தகட்டை மறுபடியும் கட்டையில் வைத்து இழுத்தாள். நன்றாக அழுத்தி, ஒலி உள்ளே வரை போகும்படி நீள நீளமாக இழுத்தாள். நிறுத்தினாள். காது கொடுத்தாள். திரும்பவும் இழைத்தாள். எழுந்து போய்ப் பார்க்காத வரைக்கும் அது நடக்காத விஷயம். கட்டை ஓரிடத்தில் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்து, ஒரு இழுப்பில் பட்டென்று முறிந்தது.

அப்புறம்தான் எழுந்தாள்.

அவன் முகம் பால்கனிப் பக்கம் திரும்பியிருந்தது. உதட்டோரத்தில் ஈரம் காயவில்லை. போர்வை விலகிப் பாதம் வெளியே தெரிந்தது. எப்போதும் செய்கிற மாதிரி முதலில் அதைத்தான் இழுத்து மூடினாள். அப்புறம் "அண்ணா" என்று ஒருதரம் கூப்பிட்டாள். பதில் வர வேண்டும் என்று கூப்பிட்டது அல்ல.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். "எப்பம்மா?" என்று கேட்டாள்.

"இழைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நர்ஸுக்கு அது விளங்கவில்லை. தோளைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து அவனைத் துடைத்துச் சட்டை மாற்றினார்கள். இடது கை விரல் நுனிகளைத் துடைக்கும்போது அவள் கை நின்றது. சின்ன வயதிலிருந்து அந்த நுனிகளில் தந்தி அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறியிருக்கும். தோள்பட்டையில் அவன் விளையாட்டாகக் குத்தினால் ஆணி குத்துவது போலிருக்கும். இப்போது அங்கே தோல் மிருதுவாக, எதையும் தொட்டறியாதது போல இருந்தது. இது எப்போது போயிற்று? தினமும் அதே விரல்களை மடித்து வைத்தவள், இதைக் கவனிக்கவில்லை.

"ஈரத் துணி ஆறிடுச்சு பாரும்மா" என்றாள் நர்ஸ்.

அன்று மதியமே எடுத்துவிட்டார்கள். காத்திருக்க உறவு என்று யாரும் இல்லை. வந்தவர்கள் குழுவினரும், ஹோட்டல் மேனேஜரும், கீழ்வீட்டுக்காரரும்தான். தகனக் கூடத்தில் எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள். மேடையில் ஒன்றாக நின்று பழகியவர்கள். கையில் வாத்தியம் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

பாடகி மெல்ல வந்து, "அக்கா, அவரோட கிட்டாரையும் கூட வச்சு அனுப்பிடலாமா?" என்று கேட்டாள். அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் இடி குறுக்கே புகுந்தான். "கிட்டாரை எரிக்கிறதா? எழுந்து வந்து அறைவான் அவன்." சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தான். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தார்கள். சாப்பிட்டீர்களா, தனியாக இருப்பீர்களா, எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். எதற்கு ஆமாம், எதற்கு இல்லை என்று கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

இடி தன் வேனில் அவளை அழைத்துப் போனான். பின்னால் டிரம்ஸ் உறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வளைவுகளில் லேசாக உறுமின. வெகுதூரம் வரை அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்மா. அவன் சொல்லக் கூடாதுன்னான். இனிமே அவன் என்ன கோவிச்சுக்கப் போறான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒருநாள் நீ மாத்திரை வாங்கப் போயிருந்த. அப்ப சொன்னான். எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, திரும்பத் திரும்பச் சொல்ல வச்சேன். 'அவ நெக்கை இழைக்கலடா'ன்னான்."

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பின்னால் உறுமல் அடங்கும் வரை இடி பொறுத்திருந்தான்.

"'ஏதோ மட்ட மரம். சத்தத்துலயே தெரியுது. என் காதை ஏமாத்த முடியுமா'ன்னு கேட்டான். சிரிச்சான்மா. அந்த மூஞ்சில இன்னும் சிரிப்பு வருதேன்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?" என்றாள். காலையிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அப்ப ஏண்டா தினம் இழைக்கச் சொல்றன்னு கேட்டேன். வார்த்தை தேஞ்சு தேஞ்சு வர, சொன்னான். 'அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் ஆளு பக்கத்துல இருக்குன்னு தெரியுது. அவகிட்ட சொல்லிடாத. சொன்னா நிறுத்திடுவா'ன்னான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கடைகள் ஓடின. ஒரு மருந்துக்கடை, ஒரு செருப்புக்கடை, பூட்டிக் கிடந்த ஒரு கடை. இடி வேகத்தைக் குறைத்து ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவன் பொருட்படுத்தவில்லை.

"வழியில வாத்தியக் கடை இருந்தா நிறுத்துங்க அண்ணே" என்றாள் கொஞ்ச தூரம் போனபின். "தந்தி வாங்கணும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நிறுத்தினான்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்தபடி, "எந்த சைஸ்ங்க?" என்றார்.

"இருக்கிறதுலயே மெலிசு."

"யாருக்கு, புதுசாக் கத்துக்கறவங்களுக்கா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "அப்ப இதுதான் சரி. விரல் நோகாது" என்று ஒரு உறையை எடுத்து வைத்தார் அவர்.

இடி மாடிவரை வந்தான். உள்ளே வரவா என்பது போல நின்றவனிடம், "நீங்க போய்ச் சாப்பிடுங்க. அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள். அவன் படியிறங்கும் சத்தம் தெருவரை போய்த் தேய்ந்தது.

கட்டில் விரிப்பு கசங்கியபடியே இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அலமாரி மேலிருந்து கிட்டாரின் உடம்பை இறக்கித் தூசி தட்டி மேசைமேல் படுக்க வைத்தாள். கழுத்தைத் துண்டிலிருந்து பிரித்தாள். இதுவரை அதை மரமாகத்தான் பார்த்திருந்தாள். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று. இப்போது அதன் இடத்தில் பொருத்தித் திருகாணிகளை முடுக்கியதும் அது எவ்வளவு ஒல்லி என்று தெரிந்தது. அந்தப் பெரிய உடம்போடு அது பொருந்தவே இல்லை.

தந்திகளை ஒவ்வொன்றாகக் கோத்தாள். அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறாள், செய்ததில்லை. ஒன்று கையை விட்டுத் துள்ளிப் புறங்கையைக் கீறியது. அவனுடைய சுருதி பார்க்கும் கருவியைக் கழுத்தின் நுனியில் மாட்டினாள். தந்தி சரியான இடத்துக்கு வந்தால் அதில் பச்சை விளக்கு எரியும்.

முதல் தந்தியை முடுக்கினாள். பச்சை வந்தது. இரண்டாவதை முடுக்கினாள். அதுவும் வந்தது. கடைசித் தந்தி வரை போய் முடித்துவிட்டு, முதல் தந்தியைக் கட்டைவிரலால் தட்டினாள். விளக்கு சிவப்பாக நின்றது. அடுத்தடுத்த தந்தி ஒவ்வொன்றும் இழுக்க இழுக்கக் கழுத்து கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து கொடுத்து, முன்பே ஏற்றியவற்றைத் தளர்த்தியிருந்தது. மறுபடி முடுக்கினாள். இரண்டாவது இறங்கியிருந்தது. அதை ஏற்றினாள். மூன்றாவது இறங்கியது.

சாயங்கால வெயில் எதிர் ஜன்னல் வழியே அறையின் பாதி தூரம் வந்து, மங்கத் தொடங்கியது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அவள் விளக்கைப் போட எழவில்லை. தட்டினாள்; இறங்கியிருந்தது. திருகைப் பிடித்து, பச்சை வரும் வரை பொறுமையாக முடுக்கினாள். வந்தது. அடுத்த தந்திக்குப் போனாள்.